கேரம் போர்டுக்கு முதலாளி யார்?

மணலியில் பொழுது சாய்ந்தால் ஏதாவது ஒரு தெருவில், ஷீட் கூரைக்குக் கீழே, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் கேரம் ஆட்டம் நடக்கும். ஆடுவது நாலு பேர். நின்று பார்ப்பது பத்துப் பேர். யோசனை சொல்வது பதினாலு பேரும். தூரத்தில் ரிஃபைனரி சிம்னியில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், இங்கே போர்டில் போரிக் பவுடர் பறந்துகொண்டிருக்கும்.

அங்கே போய், "இந்த ஆட்டத்துக்கு முதலாளி யாருண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "போர்டு கிளப்போடது, ஸ்ட்ரைக்கர் என்னோடது" என்று பதில் வரும். "அது இல்லண்ணே, ஆட்டத்துக்கு?" என்று மறுபடி கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ரெட் போட்டால் ஃபாலோ போட வேண்டும் என்ற விதிக்கு ஒரு முதலாளி இருக்கலாம், அவர் நினைத்தால் நாளைக்கே அதற்கு வாடகை கேட்கலாம் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தோன்றாத விஷயம்.

ஆனால் 2023 ஜனவரியில் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இதே கேள்வியை ரொம்ப சீரியஸாகக் கேட்டது. அவர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள். கேள்வி சரிதான். அதற்கு அவர்களில் பாதிப் பேர் கண்டுபிடித்த பதில்தான் தப்பு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம்: ஒருத்தர் வீரர், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடர். "கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். எண் பெரிதாக விழுந்தால் கதவு உடையும், சின்னதாக விழுந்தால் தோள்பட்டை உடையும். அவ்வளவுதான். தேவையானது ஒரு பகடை, பேப்பர், பென்சில், வாய். கம்ப்யூட்டர்கூட வேண்டாம். சென்னையிலும் இதை ஆடும் சின்னச் சின்னக் கூட்டங்கள் உண்டு.

இதை 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டார்கள். ஒரு பெட்டியில் மூன்று சின்னப் புத்தகங்கள். அதில் பாதி விஷயம் புரியாது, மீதி விஷயம் இருக்காது. வாங்கியவர்கள் தாங்களே விதி எழுதி ஓட்டைகளை அடைத்துக்கொண்டார்கள். ஆட்டம் வளர்ந்ததே அப்படித்தான். 1997-ல் அதை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற கம்பெனி வாங்கியது. 1999-ல் அந்தக் கம்பெனியை ஹாஸ்ப்ரோ வாங்கியது. மோனோபொலி விற்கும் அதே ஹாஸ்ப்ரோ.

2000-ல் விசர்ட்ஸ் ஒரு 'திறந்த உரிமம்' வெளியிட்டது. எங்கள் ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எடுத்து யார் வேண்டுமானாலும் கதைப் புத்தகம் எழுதலாம், விற்கலாம், காசு தர வேண்டாம் என்றது. அதை நம்பி நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். சின்னச் சின்னப் பதிப்பகங்கள் முளைத்தன. இருபது வருஷத்துக்கு மேல் பலருக்கு அது பிழைப்பானது.

2022 டிசம்பரில் முதலீட்டாளர்கள் முன்னால் பேசிய விசர்ட்ஸின் தலைமை அதிகாரி, இந்த ஆட்டத்திலிருந்து வர வேண்டிய காசு இன்னும் வரவில்லை என்ற பொருளில் பேசினார். அடுத்த மாதமே புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனி செல்லாது. ஏழரை லட்சம் டாலருக்கு மேல் வருமானம் வந்தால் மேலே வரும் தொகையில் 25 சதவீதம் வரை கம்பெனிக்கு. மற்றவர்கள் எழுதியதைக் கம்பெனி காசு தராமல் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை வேறு.

மணலிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் மட்டும் திருத்தி எழுதுவது, "இஷ்டம் இருந்தா கையெழுத்துப் போடு" என்று நீட்டுவது, இதெல்லாம் கான்ட்ராக்ட் வேலை பார்த்த எந்த வீட்டிலும் தெரிந்த கதைதான். அமெரிக்காவில் மேஜை போட்டுப் பகடை உருட்டிய நடுத்தர வர்க்கத்துக்குத்தான் அது புதிதாக இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. டி அண்ட் டி பியாண்ட் என்ற கம்பெனியின் இணையச் சந்தாவை ஆயிரக்கணக்கில் ரத்து செய்தார்கள். கருத்துக் கேட்டபோது வண்டை வண்டையாக எழுதித் தள்ளினார்கள். கடைசியில் 2023 ஜனவரி 27-ம் தேதி கம்பெனி பின்வாங்கியது. பழைய உரிமம் அப்படியே இருக்கும் என்றது. அதோடு, அடிப்படை விதிகள் அடங்கிய தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிட்டது. அதாவது பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், விற்கலாம். திருப்பி வாங்க முடியாது. மூன்று வாரத்தில் ஒரு பெரிய கம்பெனியை இப்படிப் பணிய வைத்தது சாதாரண விஷயமில்லை. சபாஷ் போடலாம்.

ஆனால் அதே மூன்று வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. எல்லோரும் வேறு கடை தேட ஆரம்பித்தார்கள்.

பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்தை விற்கும் பைசோ நிறுவனம், எட்டு மாதத்தில் விற்கும் அடிப்படைப் புத்தகங்கள் இரண்டே வாரத்தில் காலியானதாகச் சொன்னது. கோபோல்ட் பிரஸ் தனியாக ஒரு ஆட்டம் அறிவித்தது. இணையத்தில் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டியே பிரபலமான கிரிட்டிக்கல் ரோல் குழு, 2025-ல் டாகர்ஹார்ட் என்ற சொந்த ஆட்டத்தைப் புத்தகமாகவே கொண்டுவந்தது. அதே 2025 அக்டோபரில் தங்களுடைய நாலாவது பெரிய கதைத் தொடரைத் தொடங்கியபோது எதில் ஆடினார்கள்? பழையபடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில்! சுற்றிச் சுற்றி சுப்பையா வீட்டு வாசல் :-)

ஒரு முதலாளியோடு சண்டை வந்தால் அடுத்த முதலாளி வீட்டுக் கதவைத் தட்டுவது விடுதலை இல்லை, இடமாற்றம். இன்றைக்கு நல்லவராக இருக்கும் இரண்டாவது முதலாளியை நாளைக்கு யார் வாங்குவார்கள் என்று யாருக்குத் தெரியும்? 2000-ல் அந்தத் திறந்த உரிமத்தை எழுதியவர்களும் நல்லெண்ணத்தோடு எழுதியவர்கள்தான். நாற்காலியில் ஆள் மாறியதும் நல்லெண்ணமும் மாறிவிட்டது. (பைசோ இதைப் புரிந்துகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். தாங்களே ரத்து செய்ய முடியாதபடி ஒரு பொது உரிமத்தை 2023-லேயே வெளியிட்டார்கள். அந்தக் காரியத்தைப் பாராட்டலாம். அதற்காக அவர்கள் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை.)

கம்பெனி திருந்திவிட்டது என்று நம்பியவர்களுக்கு 2024 ஆகஸ்டில் இன்னொரு பாடம் கிடைத்தது. புதிய பதிப்பு வரும்போது, ஏற்கெனவே காசு கொடுத்து இணையத்தில் வாங்கி வைத்திருந்த மந்திரங்களின் விதிகளையும் புதியதாக மாற்றிவிடப் போவதாக அறிவித்தார்கள். மறுபடி கூச்சல், மறுபடி பின்வாங்கல். ஒவ்வொரு தடவையும் கத்தித்தான் வாங்க வேண்டும் என்றால் அது சொத்தா, வாடகை வீடா?

உண்மையான மாற்று வேறு. முதலாளியே இல்லாத ஆட்டம். "அப்படி ஒன்று உலகத்தில் நடக்குமா?" என்று கேட்பவர்கள் வடசென்னைக்கு வர வேண்டும்.

இந்தச் சந்தேகக்காரர்கள் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள்.

முதல் கேள்வி: கம்பெனி இல்லையென்றால் விதிகளை யார் ஒழுங்காக வைத்திருப்பது? தெருவுக்குத் தெரு மாறிப் போய்விடாதா?

மாறும். மாறினால் என்ன? தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் எதிராளியின் ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம், இன்னொரு வீட்டில் வெட்டாமலே போகலாம். பாட்டியும் பேத்தியும் ஆட உட்காரும்போது "எங்க வீட்டுல இப்படித்தான்" என்று அரை நிமிஷம் சண்டை, பிறகு ஆட்டம். நூற்றாண்டுகளாக ஓடுகிறது, யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

எல்லா ஊருக்கும் ஒரே விதி வேண்டும் என்ற இடத்தில் அதையும் ஆடுகிறவர்களே செய்திருக்கிறார்கள். தெருவில் கருப்புக்கு 5, வெள்ளைக்கு 10 என்று பாயிண்ட் ஆட்டமும் ஓடும். போட்டி என்று வந்தால் 74 சென்டிமீட்டர் பலகை, ஒன்பது வெள்ளை, ஒன்பது கருப்பு, ஒரு சிவப்பு, 25 புள்ளி என்று ஒரே விதி. சர்வதேச கேரம் கூட்டமைப்பு உருவானது 1988-ல். எங்கே? இதே சென்னையில்! உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதிப் புத்தகம் இருக்கிறது, உலகக் கோப்பை இருக்கிறது, ஆனால் கேரமை யாரும் 'வைத்திருக்கவில்லை'. அந்த விதிகள் பிடிக்கவில்லையென்றால் மணலியில் ஆடுகிறவர்கள் தங்கள் விதியில் ஆடலாம். கூட்டமைப்பிலிருந்து நோட்டீஸ் வராது.

அந்த முதலாளியில்லாத ஆட்டம் என்ன சாதித்தது என்றால், சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆகி, அர்ஜுனா விருது வாங்கினார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலகச் சாம்பியன் ஆனார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா, ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கத்தை அள்ளிக்கொண்டு வந்தார். ஆட்டோ ஓட்டுபவரின் மகள். கேரம் கற்றுக்கொள்ள மாதச் சந்தாவும் பத்தாயிரம் ரூபாய்ப் புத்தகமும் தேவைப்பட்டிருந்தால் இதில் ஒன்றாவது நடந்திருக்குமா?

இந்த இடத்தில் கணக்கையும் பார்த்துவிடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்று அடிப்படைப் புத்தகங்கள் அமெரிக்க விலையில் 150 டாலர். ரூபாயில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். மணலியில் பல வீடுகளுக்கு அது ஒரு மாத வாடகைக்கு மேல்.

இரண்டாவது கேள்வி: கம்பெனி இல்லையென்றால் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் யார் சோறு போடுவது?

இது நல்ல கேள்வி. ஆனால் தப்பான இடத்தில் கேட்கப்படும் கேள்வி. கேரம் போர்டு செய்கிறவர் சம்பாதிக்கிறார். காய் கடைகிறவர் சம்பாதிக்கிறார். ஸ்ட்ரைக்கர், பவுடர், ஸ்டாண்டு விற்பவர்கள் சம்பாதிக்கிறார்கள். நல்ல போர்டு என்றால் கூடுதல் காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். அவர்களில் யாரும் ஆட்டத்தின் முதலாளிக்குக் கப்பம் கட்டுவதில்லை, கட்ட ஆளே இல்லை. நல்ல கதை எழுதினால் கதையை விற்கட்டும். அழகாகப் படம் போட்டால் படத்தை விற்கட்டும். அதைக் காசு கொடுத்து வாங்குவதுதான் மரியாதை, திருட்டு பி.டி.எஃப். தேடுவது மரியாதை இல்லை. எதிர்க்க வேண்டியது உழைத்தவருக்குக் கூலி போவதை அல்ல. 'இருபது உருட்டினால் வெற்றி' என்பதற்கு வாடகை வசூலிப்பதை.

உழைத்தவருக்குக் கம்பெனி சோறு போட்ட லட்சணத்தையும் பார்க்கலாம். ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஆர்னெசன், 1979-ல் தனக்கு வர வேண்டிய ராயல்டிக்காகத் தன் ஆட்டத்தை விற்ற கம்பெனி மேலேயே வழக்குப் போட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ சுமார் 1,100 பேரை வேலையை விட்டு அனுப்புவதாக அறிவித்தது, விசர்ட்ஸ் ஆட்களும் அதில் உண்டு. மோனோபொலிக்கு மூலமான ஆட்டத்துக்கு 1904-லேயே காப்புரிமை வாங்கியவர் லிஸ்ஸி மாகி என்ற பெண்மணி. நிலத்தை வளைத்துப் போடுபவர்களை எதிர்த்து அவர் செய்த ஆட்டம் அது. 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் அவருக்குக் கொடுத்தது 500 டாலர்.

மூன்றாவது கேள்வி: சட்டம் விடுமா?

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. ஹாஸ்ப்ரோவும் இந்தியர்களும் ஏற்கெனவே ஒரு தடவை மோதியிருக்கிறார்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜயந்த் அகர்வாலா சகோதரர்கள் ஸ்கிராபுலஸ் என்று ஒரு வார்த்தை விளையாட்டை இணையத்தில் விட்டார்கள். ஃபேஸ்புக்கில் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஸ்கிராபிள் ஆட்டத்தின் உரிமை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோவிடம், மற்ற நாடுகளில் மேட்டலிடம். 2008 ஜூலையில் ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் வழக்குப் போட்டது. மேட்டல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

2008 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவு இரண்டு பகுதி. பெயர் ஸ்கிராபிள் போலவே இருக்கிறது, அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆனால் அந்த ஆட்டப் பலகையின் மேல் பதிப்புரிமை என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆட்டத்தின் யோசனையும் அதைச் சொல்லும் வழியும் ஒன்றோடொன்று கலந்துகிடக்கும் இடத்தில் அதற்கு வேலி போட முடியாது. சகோதரர்கள் பெயரை லெக்சுலஸ் என்று மாற்றிக்கொண்டு கடையை நடத்தினார்கள்.

அமெரிக்கச் சட்டத்திலும் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். ஒரு ஆட்டத்தை எப்படி ஆடுவது என்ற முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை எழுதிய வரிகளுக்கு உண்டு, படங்களுக்கு உண்டு, பெயர்களுக்கு வணிகக்குறி உண்டு. அப்படியென்றால் 2000-ல் கம்பெனி 'பெரிய மனதோடு' கொடுத்த அனுமதியில் பெரும்பகுதி, அனுமதியே தேவைப்படாத காரியங்களுக்கு. பொது மைதானத்தைச் சுற்றி வேலி போட்டு, அதில் ஒரு கதவு வைத்து, கதவைத் திறந்து வைத்ததற்கு நன்றி வாங்கிக்கொண்ட மாதிரி. இருபது வருஷம் கழித்து அந்தக் கதவைச் சாத்த வந்தபோதுதான், சிலர் முதல் தடவையாக வேலியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இந்த வேலி வேலை புதிதும் இல்லை. இந்தியாவின் பச்சீசியை எடுத்துப் 'பார்ச்சீசி' என்று பெயர் வைத்து அமெரிக்காவில் 1874-லேயே வணிகப் பெயராகப் பதிந்துகொண்டார்கள். மார்கழி ஏகாதசிக்குக் கண் விழித்து ஆடும் பரமபதத்தின் சொந்தக்கார ஆட்டத்தை, ஏணியைச் சறுக்கு மரத்தோடு ஜோடி சேர்த்து 1943-ல் அங்கே பெட்டியில் போட்டு விற்றார்கள். இரண்டு பெட்டியும் பின்னாளில் போய்ச் சேர்ந்த இடம் ஹாஸ்ப்ரோ. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அவர்களால் பெட்டியைத்தான் கொண்டுபோக முடிந்தது. திருவொற்றியூரில் ஒரு பாட்டி தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் புளியங்கொட்டையை உருட்டினால், இன்றைக்கும் அவரிடம் யாரும் ரசீது கேட்க முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்ப என்னதான் பண்றது?" என்று கேட்பவர்களுக்கு.

2023-ல் கிரியேட்டிவ் காமன்ஸில் விடப்பட்ட அந்த விதித் தொகுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. 2025-ல் புதிய பதிப்பின் விதிகளும் அதே உரிமத்தில் வந்துவிட்டன. அவற்றைத் தமிழில் கொண்டுவர யாரிடமும் கேட்க வேண்டாம், காசு தர வேண்டாம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். தமிழில் இந்த மாதிரி ஒரு ஆட்டப் புத்தகத்தைக் கம்பெனி கொண்டுவரும் என்று காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. அவர்கள் சந்தைக் கணக்கில் மணலி இல்லை. இருக்கவும் போவதில்லை.

முந்நூறு பக்கம் மொழிபெயர்க்கப் பொறுமை இல்லையா? நாற்பது பக்க நோட்டில் சொந்தமாக எழுதலாம். இருபது முகப் பகடை கிடைக்கவில்லையென்றால் தாயக்கட்டை இருக்கிறது. தாயம் விழுந்தால் அதிர்ஷ்டம், பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டு. குகையும் டிராகனும் எதற்கு, கொசஸ்தலையாறும் எண்ணூர் கழிமுகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது? ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர், வலையோடு போகிறவர், ஹார்பர் கேட்டில் லாரியோடு காத்திருப்பவர் என்று பாத்திரத்துக்கும் பஞ்சமில்லை. எழுதி முடித்ததும் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். முதல் பக்கத்தில், 'யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், மாற்றலாம்' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியை எழுத மனசு வரவில்லையென்றால், ஹாஸ்ப்ரோவைத் திட்டிய திட்டுக்கு என்ன அர்த்தம்?

பி.கு.: "இப்படி ஆளாளுக்கு ஒரு ஆட்டம் எழுதினால் யாருக்கும் யாரோடும் ஆட முடியாதே" என்று பின்னூட்டம் போடத் தயாராக இருப்பவர்கள், அதற்கு முன்னால் ஏதாவது ஒரு கேரம் கிளப்புக்குப் போய், "இங்க ரெட்டுக்கு எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு போர்டு ஆடிவிட்டு வரவும்.